மஃப்ளர் வாங்கினீர்கள்... சைக்கிளுக்கு லைட் வாங்கினீர்களா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சேலம் அம்மாபேட்டையில் இரண்டு இடங்களில் கூட்டம் சேரும். ஒன்று, ரோட்டோரம் கயிறு கட்டி ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் தொங்கவிட்டு விற்கிற இடம். இன்னொன்று, என் வைத்தியசாலை. அங்கே வாங்கிக்கொண்டு நேராக இங்கே வருகிற தாய்மார்களும் உண்டு. கையிலிருக்கும் பையில் புது மஃப்ளர் எட்டிப் பார்க்கும்.

வந்து உட்கார்ந்ததும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே வசனம்தான். "ஏனுங்க டாக்டர், பாப்பா விடியக்காலம் அஞ்சரைக்கே சைக்கிள் எடுத்துக்கிட்டு டியூஷன் போவுது. பனி தலையில எறங்கி சளி கட்டிக்குது. பனி புடிக்காம இருக்க லேகியம் ஏதாச்சும் குடுங்க."

கொடுக்கிறேன். கொடுக்காமல் என்ன! தூதுவளையும் ஆடாதோடையும் திரிகடுகும் வேறு எதற்கு இருக்கின்றன? ஆனால் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நானும் ஒரு கேள்வி கேட்பேன். "சைக்கிள்ல லைட் எரியுதா?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சளிக்கு மருந்து கேட்டால் இந்த மனுஷர் சைக்கிள் கடைக்காரர் மாதிரி பேசுகிறாரே என்று நினைப்பார் போலிருக்கிறது. பெண் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லீங்க" என்பாள்.

அந்த "இல்லீங்க"தான் என்னை இதை எழுத வைத்தது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் நாடி பார்க்கிறவன் நான். பனிக்காலத்துத் தும்மல், இருமல், இரைப்பு இதற்கெல்லாம் எங்கள் வைத்தியத்தில் மருந்து இருக்கிறது. பனி மூட்டத்தில், இருட்டில், விளக்கில்லாத சைக்கிளில் போகிற பிள்ளை மேல் பின்னால் வருகிற டெம்போ மோதாமல் இருக்க எந்தச் சித்தரும் சூரணம் எழுதி வைக்கவில்லை!

முதலில், பனி மேல் சுமத்தியிருக்கும் பழியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடுகிறேன். ஜலதோஷம் வைரஸ் கிருமியால் வருவது. அது வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஜன்னலைச் சாத்திய ஒரு சின்ன அறைக்குள் நாற்பது பிள்ளைகளை ஒட்டி ஒட்டி உட்கார வைத்திருக்கிறார்களே, அங்கே ஒருத்தர் தும்மினால் நாலு பேருக்குப் போகும். ஆக, உங்கள் பிள்ளைக்குச் சளி பிடித்தது போகிற வழியிலா, போய்ச் சேர்ந்த இடத்திலா என்று யோசிக்க வேண்டும். பனிக்காற்று செய்வது வேறு வேலை. மூக்கின் உட்புறத்தைக் குளிர்வித்து, உலர்த்தி, கிருமிக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. இரைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. அவ்வளவுதான்.

நம் முன்னோர் வருஷத்தை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்பனி என்றால் இரவின் முற்பகுதியில் பனி இறங்கும் காலம். பின்பனி என்றால் இரவின் பிற்பகுதியில், அதாவது விடியற்காலையில் பனி இறங்கும் காலம். இதைக் கவனியுங்கள். பொங்கல் முடிந்ததும், "தை பொறந்தாச்சு, பனி போச்சு" என்று மஃப்ளரை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். விடியற்காலைப் பனிக்கென்றே பெயர் வாங்கிய பருவம் அதற்குப் பிறகுதான் வருகிறது! எங்கள் கணக்குப்படி ஐயம், அதாவது கபம், தன் இடத்தில் வளர்வதும் இந்தப் பின்பனியில்தான். வளர்ந்தது சித்திரை வைகாசி வெயிலில் நிலைகுலைந்து வெளிப்படும். கோடையில் சளி பிடிக்கிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு இதுதான் எங்கள் பதில்.

பின்பனியில் இன்னொன்றும் வருகிறது. பிளஸ் டூ பரீட்சை! மார்ச் மாதப் பரீட்சைக்காக ஜனவரி, பிப்ரவரியில் ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன், டெஸ்ட் பேட்ச் என்று விடியற்கால வகுப்புகள் சூடு பிடிக்கும். ஆக, வருஷத்தில் எந்த மாதங்களில் காலைப் பொழுது மோசமாக இருக்குமோ, அதே மாதங்களில்தான் பிள்ளைகளை அதிகமாக ரோட்டில் இறக்கிவிடுகிறோம்.

சூரியன் கணக்கையும் பாருங்கள். ஜூன் மாதம் சேலத்தில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். ஐந்தரைக்கே வெளிச்சம் தட்டும். எதிரே வருகிற ஆள் தெரியும். மார்கழியில்தான் பகல் குறைவு, அதனால் மார்கழிதான் லேட்டாக விடியும் என்று நினைக்கிறோம். அது இல்லை. எங்கள் ஊரில் சூரியன் மிகவும் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசி வாக்கில். ஏறக்குறைய 6.40 ஆகிவிடும். ஆறேகால் வரைக்கும் இருட்டுதான். ஜூனில் ஆறு மணி என்று வைத்த வகுப்பு ஜனவரியிலும் ஆறு மணி. வகுப்பு நேரம் அப்படியே நிற்கிறது, சூரியன் முக்கால் மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. இதை எந்த வாத்தியாரும் டைம்டேபிளில் சேர்ப்பதில்லை.

இருட்டோடு மூட்டமும் சேருகிறது. சேலம் ஒரு கிண்ணம் மாதிரி. வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம். அது மலைச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரையிலும் நெல் வயல் ஓரத்திலும் ஈரம் ஏராளம். ராத்திரியெல்லாம் குளிர்ந்த அந்த ஈரக்காற்றுதான் விடியற்காலம் புகைபோல நிற்கிறது. மேலே போகமுடியாமல் குப்பை எரித்த புகையும், செங்கல் சூளைப் புகையும், போகி அன்றைக்கு என்றால் கேட்கவே வேண்டாம், டயர்ப் புகையும் அதிலேயே தங்கிவிடும். இரைப்பு உள்ள பிள்ளைக்குப் பனியைவிட இந்தப் புகைதான் எமன். போகிக்கு மறுநாள் என்னிடம் வருகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும்.

அம்மாபேட்டைக்குள் தெருவிளக்கு இருக்கிறது. உழவர் சந்தைக்குக் காய் கொண்டு வருகிற வண்டிகள், பால் வண்டிகள், டீக்கடை என்று நாலு மணிக்கே நடமாட்டம் இருக்கும். உடையாப்பட்டி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி உள் கிராமத்து ரோட்டுக்குப் போனால் கதை வேறு. ஒற்றை ரோடு. ஓரத்தில் முள். நடுவில் மாடு. ரோட்டோரம் பின்விளக்கு இல்லாமல் ராத்திரி நிறுத்திய லாரி. கரும்பு வெட்டுக் காலம் என்பதால், பின்னால் ஒரு சிவப்புத் துணிகூட இல்லாமல் அகலமாகக் கரும்பு ஏற்றிய டிராக்டர். எதிரே வருகிறவன் மூட்டத்தில் ஹைபீம் போட்டால் ரோடு தெளிவாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறான். மூட்டத்தில் வெளிச்சம் பனித்துளியில் பட்டு அவன் கண்ணுக்கே திரும்பி வரும். சைக்கிளில் வருகிற பிள்ளை அவனுக்குத் தெரியாது. பிள்ளைக்கும் கண் கூசி ரோடு தெரியாது.

ஊட்டியில் தலைகுந்தா பக்கம் ஜனவரியில் உறைபனி கொட்டி, புல்வெளி உப்பு தூவினாற்போல் வெள்ளையாகக் கிடக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நம் சமவெளியில் அதெல்லாம் கிடையாது. சேலத்தில் தை மாத விடியற்காலை பெரும்பாலும் பதினெட்டு, இருபது டிகிரிதான். ஆனால் வழுக்குகிற சங்கதி நம்மிடமும் உண்டு. நான் அதற்கு "நம்மூர் ஐஸ்" என்று பேர் வைத்திருக்கிறேன்.

தையிலும் மாசியிலும் கொள்ளு அறுவடை. கொள்ளுச் செடியையும் சோளத்தட்டையும் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள். போகிற வருகிற வண்டி மிதித்து மணி உதிர்ந்துவிடும், களம் தேட வேண்டியதில்லை. விவசாயிக்குக் கூலி மிச்சம். அதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி அந்தத் தாளை அப்படியே விட்டுப் போகிறார்களே, அதுதான் வினை. பனியில் நனைந்த தாள் மேலே, உருண்டு கிடக்கும் கொள்ளு கீழே. கொள்ளு ஒவ்வொன்றும் சைக்கிள் பால்ரஸ் மாதிரி உருளும். அதன் மேல் சைக்கிள் சக்கரம் ஏறி, லேசாக ஹேண்டில்பாரை ஒடித்தால் போதும், ஆள் கீழே!

போன வருஷம் மாசியில் ஒரு பெண் அப்படித்தான் வந்தாள். பிளஸ் டூ. கிராமத்திலிருந்து டவுனுக்கு டியூஷன் வருகிற வழியில், இருட்டில் தாள் கிடந்தது தெரியாமல் ஏறிவிட்டாள். விழும்போது கை ஊன்றியிருக்கிறாள். "சுளுக்குத்தானுங்க, எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்றார் அப்பா. மணிக்கட்டைத் தொட்டதும் எனக்குத் தெரிந்தது. நீவ மாட்டேன், முதலில் எக்ஸ்ரே எடுங்கள் என்று அனுப்பினேன். எலும்பில் விரிசல். வலது கை. பரீட்சையை அவள் வாயால் சொல்ல, வேறொருவர் எழுத வேண்டியதாயிற்று. கணக்குப் பரீட்சையை வாயால் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தப் பிள்ளையின் கஷ்டம். எந்த மார்க்குக்காக இருட்டில் போனாளோ அந்த மார்க்கைத்தான் அந்த ரோடு எடுத்துக்கொண்டது. கையோடு போயிற்றே என்று அவள் பாட்டி சாமிக்கு விளக்குப் போட்டாராம். சாமிக்குப் போட்ட விளக்கு சைக்கிளுக்கும் போட்டிருக்கலாம்.

இன்னொரு நம்மூர் ஐஸ், ஈர ரிம். நம் பிள்ளைகள் ஓட்டுகிற சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்துகிறது. ரிம் பனியில் நனைந்திருந்தால் கட்டை வழுக்கும். மத்தியானம் நிற்கிற தூரத்தில் விடியற்காலை நிற்காது. ராத்திரி சைக்கிளைத் திண்ணைக்குள் ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காலையில் எடுக்கும்போது ஒரு பழந்துணியால் இரண்டு ரிம்மையும் துடைத்துவிட்டு, தெருவிலேயே இரண்டு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

இப்போது மஃப்ளருக்கு வருகிறேன். கடையில் ஸ்வெட்டர் பார்க்கிறபோது நம் தாய்மார்கள் எந்த நிறத்தை எடுக்கிறார்கள்? கறுப்பு, காப்பிக்கொட்டை, கருநீலம். ஏன்? "அழுக்குத் தெரியாதுங்க." அழுக்கு தெரியாது, வாஸ்தவம். பிள்ளையும் தெரியாது! விளக்கில்லாத சைக்கிளில், கறுப்பு ஸ்வெட்டரும் கறுப்புப் பையுமாகப் போகிற பிள்ளை லாரி டிரைவர் கண்ணுக்கு இருட்டின் ஒரு துண்டு. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு வாங்குங்கள். வாரம் ஒரு தடவை கூடுதலாகத் துவைக்க வேண்டும், அவ்வளவுதானே?

அடுத்தது, காதைப் பொத்திக் கட்டுவது. பனி காது வழியாகப் போகும் என்ற பயத்தில் மஃப்ளரை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்புகிறோம். மூட்டத்தில் கண் பாதிதான் வேலை செய்யும். மீதியைக் காதுதான் செய்ய வேண்டும். அதையும் அடைத்துவிட்டால்? இப்போது பேட்டரி ஸ்கூட்டர்கள் வேறு சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கின்றன. காதை மூட வேண்டும் என்றால் மெல்லிய பருத்தித் துணி போதும். சத்தம் கேட்கும், காற்றும் அறையாது. மூட வேண்டிய இடம் மார்பும் கைவிரலும். சைக்கிள் மிதிக்கிறபோது எதிர்க்காற்று நேராக மார்பில் மோதுகிறது. விரல் விறைத்தால் பிரேக்கை அழுத்துவது தாமதமாகும். பத்துப் பதினைந்து ரூபாய் பனியன் துணிக் கையுறைகூடப் போதும்.

வெள்ளிக்கிழமை சமாச்சாரம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலை தலைக்கு ஊற்றி, ஈரத் தலையை அப்படியே முடிந்து சைக்கிளில் அனுப்புகிற வழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது. பீனிசம், ஒற்றைத் தலைவலி என்று என்னிடம் வருகிற பெண்களில் பலர் இப்படி ஈரத் தலையோடு காற்றில் போகிறவர்கள். எண்ணெய் முழுக்கு நல்லதுதான், நான் வேண்டாம் என்பேனா? பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெயில் இருக்கும்போதே முழுகட்டும். வெள்ளிக்கிழமை எங்கேயும் போய்விடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியா, இனிமே பாப்பா சைக்கிள்ல போக வேண்டாம்" என்று யாராவது முடிவு செய்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதற்காக நான் எழுதவில்லை. பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால் கட்டுப் போட்டு மறுபடி அனுப்புகிறோம். பெண் விழுந்தால் சைக்கிளையே நிறுத்திவிடுகிறோம். சில வீடுகளில் அதோடு டியூஷன் நிற்கும், அப்புறம் படிப்பே நிற்கும். 1991, 92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக் கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பஸ்ஸுக்கும் அடுத்தவர் துணைக்கும் காத்திருந்த பெண்கள் தாங்களே போய் வர ஆரம்பித்தார்கள். பிறகு 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் விரிந்து விரிந்து, இன்றைக்கு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் கிடைக்கிறது. இவ்வளவு பாடுபட்டுக் கைக்கு வந்த சைக்கிளை, ஒரு லைட் இல்லாத குறைக்காகத் திண்ணையில் சாத்தி வைப்பதா?

உடம்புக்கும் அது நல்ல சைக்கிள். பனிக்காலத்தில் பசித்தீ நன்றாக எரியும் என்பது எங்கள் வைத்தியத்தின் கணக்கு. மிதிக்க ஆரம்பித்த பத்து நிமிஷத்தில் உடம்பு தானே சூடாகும். ஒரு காரும் ஆட்டோவும் செய்யாத உபகாரம் அது.

உலகத்தில் பனியில் சைக்கிள் விடுவதற்குப் பேர் போன ஊர் எது தெரியுமா? ஃபின்லாந்து நாட்டில் ஔலு. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி அங்கே சர்வ சாதாரணம். நம் ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் சைக்கிள் விடுகிற மாதிரி! அந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில்தான் போகிறார்கள். பனிக்காலத்துச் சைக்கிள் சவாரிக்கென்றே 2013-இல் ஒரு சர்வதேச மாநாட்டை அங்கே நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் இரும்பால் செய்தவர்கள் இல்லை. சைக்கிளுக்கென்று தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் விளக்கு எரிகிறது. பிள்ளைகள் கிளம்புவதற்கு முன்னால் வண்டி வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போகிறது. அங்கே குளிரைப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது, ரோட்டை ஊர் பார்த்துக்கொள்கிறது. இங்கே குளிரை அம்மா பார்த்துக்கொள்கிறார். ரோட்டை யாரும் பார்ப்பதில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் படிக்கிற வீடுகளுக்காக இங்கேயே ஒரு வார்த்தை. எங்கள் தெருவில்கூட அப்படி இரண்டு வீடு இருக்கிறது. பனி உறைந்த ரோட்டில் வெள்ளையாகத் தெரிகிற பனியைவிட, கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி போல் படிந்திருக்கிற ஐஸ்தான் ஆளைத் தள்ளும். பாலத்தின் மேலும் மர நிழலிலும் அது முதலில் படியும். அதன் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்கக்கூடாது, திருப்பவும் கூடாது. நேராக உருண்டு கடந்துவிட வேண்டும். ஆணி வைத்த டயர் என்றே அங்கே விற்கிறார்கள். ஜெர்மனியில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் அபராதம். போனில் பேசும்போது, "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டதோடு இதையும் கேளுங்கள்.

நம் ஊரிலும் ஒரு காலத்தில் அந்தப் பயம் இருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது லைட் இல்லாமல் ராத்திரி சைக்கிள் விட்டால் போலீஸ்காரர் நிறுத்தி, சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதனால் எல்லோர் சைக்கிளிலும் டைனமோ இருந்தது. டயரில் உரசிக்கொண்டு ஓடும், மிதிக்கக் கனமாக இருக்கும், ஆனால் எரியும். இன்றைக்கு ஹெல்மெட் இல்லாத மோட்டார் சைக்கிளைப் பிடிக்கிறார்கள், சைக்கிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்கிள் ரிஃப்ளெக்டருக்கு ஐ.எஸ்.ஐ. தரம் வேண்டும் என்று 2020-இல் மத்திய அரசு ஆணையே போட்டது. நல்லது. ஆனால் புதுச் சைக்கிளில் பளபளக்கிற அந்தச் சிவப்புச் சில்லு, முதல் தடவை ஸ்டாண்டில் சாய்ந்து விழும்போதே உடைந்துவிடுகிறது. பிறகு யார் மாட்டுகிறார்கள்?

வாத்தியார்களுக்கும் டியூஷன் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி முடிகிற வரைக்கும், நாலு மாதம், காலை வகுப்பை ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரம் போகிறதே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். நாலரை மணிக்கு எழுப்பி, தூக்கம் போதாமல், வெறும் வயிற்றோடு வந்து உட்கார்கிற பிள்ளை முதல் மணி நேரத்தில் என்ன படிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பதினாறு, பதினேழு வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் எவ்வளவு தேறும்? தூக்கம் கெட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் குறையும். தாய்மார்கள் என்னிடம் கேட்கிற லேகியத்தில் பாதி, அந்த ஒரு மணி நேரத் தூக்கத்திலேயே இருக்கிறது. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் மாற்றுவார்கள். தனியாகப் போய்க் கேட்டால், "மத்தவங்க எல்லாம் வர்றாங்களே" என்பார்கள். சேர்ந்து போங்கள்.

நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்காக நடக்கிறேன், சைக்கிள் மிதிக்கிறேன் என்று மார்கழி ஐந்து மணிக்குக் கிளம்பாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தக் கொதிப்பு ஏறும். விடியற்காலை இயல்பாகவே மாரடைப்புக்கு வசதியான நேரம். சூரியன் வந்த பிறகு, ஏழு மணிக்குப் போனால் சர்க்கரை கோபித்துக்கொள்ளாது. மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம், இடது கையில் அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் "வாய்வு" என்று பெருங்காயத்தைத் தேட வேண்டாம். என்னிடமும் வர வேண்டாம். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறுகிற இளவட்டங்கள் இப்போது அதிகம். இருபது கொண்டை ஊசி வளைவு, கியர் சைக்கிள், நல்ல விஷயம்தான். ஏறும்போது வேர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே இறங்காதீர்கள். உலர்ந்த சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். அந்தக் காலத்தில் பிரான்ஸ் நாட்டுப் பந்தய வீரர்கள் மலை உச்சியில் ஒரு நியூஸ்பேப்பரை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவார்களாம். படித்த பேப்பருக்கு இதைவிட நல்ல உபயோகம் இல்லை.

சரி, லேகியம் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. காலையில் கிளம்புகிற பிள்ளைக்கு வெறும் காப்பி கொடுக்காதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ராகிக் கஞ்சி, இல்லையென்றால் இரண்டு பேரீச்சம்பழமும் சூடான சுக்கு மல்லிக் காப்பியும். மூக்கு உலர்கிறது என்றால் நல்லெண்ணெயை விரலில் தொட்டு மூக்கு ஓரத்தில் லேசாகத் தடவினால் போதும். உள்ளே ஊற்ற வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தூதுவளை ரசமோ துவையலோ செய்யுங்கள். கொள்ளு ரசமும் நல்லது. கொள்ளு ரோட்டில் இருப்பதைவிட ரசத்தில் இருப்பது எல்லோருக்கும் க்ஷேமம்! திரிகடுகத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறவர்கள், வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ள பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இரைப்புக்கு இன்ஹேலர் எடுக்கிற பிள்ளை, சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. கிளம்பும்போது அது பையில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள்.

லைட்டைப் பற்றிக் கடைசியாக. டைனமோ தேடி அலைய வேண்டாம். செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிற லைட் சைக்கிள் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் இருட்டு கிராமத்து ரோட்டுக்குப் பின்னால் எரிகிற சிவப்பை முதலில் வாங்குங்கள். முன்னால் மாட்ட இப்போதைக்கு வீட்டு டார்ச்சை ரப்பர் பேண்டு போட்டு ஹேண்டில்பாரில் கட்டிவிடலாம். பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டர் இருக்கிறதா பாருங்கள். அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததும், போவது சைக்கிள் என்று டிரைவருக்குச் சட்டென்று புரியும். சிவப்பு லைட்டை சீட்டுக்கு அடியில் மாட்டிவிடுவார்கள். கேரியரில் வைக்கிற புத்தகப் பையும் துப்பட்டாவும் அதை மறைத்துவிடும். பின் மட்கார்டில் மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் பிள்ளையை ஏறி உட்காரச் சொல்லி, பையையும் வைத்து, நீங்கள் பத்தடி பின்னால் போய் நின்று ஒரு தடவை பாருங்கள்.